பதினொன்றாம் எண் வந்திருக்கிறார்

"ஏங்க, லேப்டாப்பைத் திறந்து வைங்க. மாடியில காயற துணியை எடுத்துட்டு ஓடி வந்துட்றேன்."

டீச்சர் கடைசியாகச் சொன்னது அவ்வளவுதான். முப்பது வருஷக் குடித்தனத்துக்கு இதைவிட நல்ல வசனம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகிறோம் என்று தெரிந்தால்தானே?

பல்செட்காரர் கையில் ஒட்டியிருந்த அச்சு மாவைத் துடைத்துக்கொண்டு வந்து லேப்டாப்பைத் திறந்தார். முன்னறைதான் அவருக்குப் பட்டறை. பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது தொழில். மனைவி பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்துப் பெயர் வீட்டுக்குள்ளும் ஒட்டிக்கொண்டது. அவரும் 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். பிள்ளை இல்லாத வீடு. கேலி செய்ய அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

ஐம்பது வயதில் அவள் குவாண்டம் கம்ப்யூட்டிங்கில் முதுகலைப் பட்டத்துக்குச் சேர்ந்தாள். வீட்டிலிருந்தே படிக்கலாம், மாலை ஏழு மணிக்குத் திரையில் வகுப்பு.

"ரிட்டயர் ஆகற வயசுல எதுக்கு டீச்சர் இந்த வேண்டாத வேலை?"

"இருபத்தஞ்சு வருஷமா விடை தெரிஞ்ச கணக்கையே போட்டுட்டிருக்கேன். விடை தெரியாத கணக்கு ஒண்ணாவது போட்டுப் பாத்துட்டுத்தான் சாவேன். நீங்க வேணா உங்க பல்லை எண்ணிட்டு இருங்க."

திரையில் மாணவர்களுக்குப் பன்னிரண்டு கட்டங்கள். பேராசிரியர் எண்களைக் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுத்துக்கொண்டிருந்தார்.

"பத்து?"

"வந்திருக்கேன் சார்."

"பதினொண்ணு?"

டீச்சர்தான் பதினொன்று. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. பல்செட்காரருக்குப் பதற்றம். முக்கால்வாசி வகுப்புக்காவது வந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். வாயைத் திறந்தால் ஆண் குரல். பேசாமலே கை தூக்குகிற பொத்தான் ஒன்று உண்டு என்பது ஞாபகம் வந்தது. திரையின் அடியில் இருந்ததையெல்லாம் தட்டினார். எதுவோ சிவப்பாக இருந்தது பச்சையாயிற்று. எதுவோ பெரிதாகிச் சின்னதாயிற்று. கடைசியில் மஞ்சளாக ஒரு கை எழுந்தது.

"பதினொண்ணு வந்திருக்காங்க," என்றார் பேராசிரியர்.

அந்த நேரத்தில் பதினொன்று மொட்டை மாடியில், துணிக்கொடியின் கீழே, ஒரு தலையணை உறையைப் பிடித்தபடி விழுந்து கிடந்தாள். எதிர்வீட்டுக்காரி போட்ட சத்தத்தில்தான் அவர் ஓடினார். லேப்டாப்பை மூடவேண்டும் என்று அப்போது யாருக்குத் தோன்றும்?

அந்த முன்னறையில்தான் அவளைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் பல்செட்காரரைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து, "இந்த நேரத்துல சொல்லக் கூடாது. கீழ்ப்பல்லு கொஞ்சம் ஆடுது," என்று வாயைத் திறந்து காட்டினார். பழக்க தோஷம், பல்செட்காரரும் விரலை விட்டு ஆட்டிப் பார்த்தார். ஆடத்தான் செய்தது.

அதற்குப் பிறகு பேரை எடுக்கும் படலம். பள்ளிக்கூடத்தில், வங்கியில், தொலைபேசிக் கம்பெனியில், எங்கே போனாலும் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்: "பேரை எடுத்துடறோம்." பள்ளியில் அவள் நாற்காலியில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து, அவள் வைத்துவிட்டுப்போன சிவப்புப் பேனாவாலேயே திருத்திக்கொண்டிருந்தது. சொத்தைப் பல்லை எடுப்பதற்குக்கூட ஒரு மரத்துப்போகிற ஊசி போடுவார்கள். பேரை எடுக்க அதுவும் கிடையாது.

கல்லூரி ஒன்றுதான் பாக்கி. அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அம்மா, ஒரு சந்தேகம். படிச்சிட்டிருக்கற ஒருத்தர், உதாரணத்துக்குச் சொல்றேன், இறந்துபோயிட்டா என்ன பண்ணணும்?"

"இறப்புச் சான்றிதழ் அனுப்பினா பேரை எடுத்துடுவோம். எந்த வகுப்பு?"

"குவாண்டம்."

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"உதாரணத்துக்குத்தானே கேட்டீங்க?"

"ஆமாம்மா."

"அப்ப உதாரணமாவே இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சுத்தப் பொறுப்பில்லாத பெண் என்று பல்செட்காரர் நினைத்துக்கொண்டார்.

அன்று மாலை ஏழு மணிக்கு லேப்டாப் தானாக மணியடித்தது. மூடத்தான் போனார். "பத்து?" வந்திருந்தான். "பதினொண்ணு?" என்றார் பேராசிரியர். அடுத்த எண்ணுக்குப் போகாமல் நின்றார். "பதினொண்ணு?"

உலகத்தில் இன்னும் ஒருவர் அவளைக் கூப்பிடுகிறார். இரண்டு தரம் கூப்பிடுகிறார். பல்செட்காரர் மஞ்சள் கையைத் தூக்கினார்.

"வந்திருக்காங்க," என்றார் பேராசிரியர். அப்பாடா என்றது போலிருந்தது அந்தக் குரல்.

அதோடு விட்டிருந்தால் ஒரு நாள் பொய். ஆனால் செவ்வாய், வெள்ளி என்று வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு மனிதர் அவளைக் கூப்பிட்டு, வந்திருக்கிறாள் என்று எழுதிக்கொள்கிறார். அதை விட்டுவிட அவருக்கு மனசு வரவில்லை. எப்படியாவது பட்டம் வாங்குகிறவரை இந்த ஒரு இடத்திலாவது அவள் பேர் இருக்கட்டும் என்று முடிவு கட்டினார்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய்க்கு முகமும் இல்லை, குரலும் இல்லை.

"பதினொண்ணு, கேமரா போடலையே?" என்றார் பேராசிரியர் ஒரு நாள்.

பல்செட்காரர் ஒரே விரலால் எழுத்துகளைத் தேடிக்கொண்டிருந்தார். அவர் 'கே'யைக் கண்டுபிடிப்பதற்குள், எப்போதும் மடியில் பூனையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் முந்திக்கொண்டாள்.

"மேடத்துக்குக் கேமரா ரிப்பேர் சார். போன வாரமே சொன்னாங்களே."

"அப்படியா? சரி, வாயாலயாவது பதில் சொல்லலாமே?"

"தொண்டை சரியில்லை" என்று அனுப்பினார். அடுத்த வாரமும் தொண்டை சரியில்லை. அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னால் சந்தேகப்படுவார்களே என்று தனக்குத் தெரிந்த துறைக்கு வந்தார்: "தாடையில் அறுவை. பல்லைக் கம்பியால் கட்டியிருக்கிறது. பேச முடியாது."

"அதெல்லாம் ஆறு மாசம் ஆகும் சார். எங்க சித்தப்பாவுக்கு ஆச்சு," என்றான், அடிக்கடி தொண்டையைக் கனைக்கும் ஒரு பையன்.

பல்செட்காரர் சொல்ல நினைத்திருந்தது மூன்று வாரம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியவில்லையே என்று அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. ஆனாலும் தானாக வருகிற ஆறு மாசத்தை யார் வேண்டாம் என்பார்கள்?

பொய் சொன்ன வாய்க்கு வேலை இல்லை. மண்டைக்கு வந்தது வேலை. வாராவாரம் வீட்டுப்பாடம், பருவ முடிவில் வீட்டிலிருந்தே எழுதி அனுப்புகிற பரீட்சை. ஒன்றையும் அனுப்பாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்களே! அவளுடைய புத்தகத்தைப் பிரித்தார். முதல் பக்கம் புரிந்தது, அது முன்னுரை. அதற்குப் பிறகு எழுத்து குறைந்து கோடுகள் அதிகமாயின.

காதை வகுப்பில் வைத்து, கையைப் பட்டறையில் வைத்தார். பல் தேய்க்கிற மெஷினைப் போட்டால் பேராசிரியர் பேச்சை நிறுத்திவிடுவார். மெஷினை நிறுத்தினால் தொடருவார். மோட்டார் ஓடினால் நெட் நின்றுவிடுகிறது போலிருக்கிறது என்று பல்செட்காரர் வகுப்பு நேரத்தில் கையாலேயே தேய்க்க ஆரம்பித்தார். விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

"ஒண்ணும் புரியலையே டீச்சர்," என்று அவளுடைய நாற்காலியைப் பார்த்து முணுமுணுப்பார். "சரி, மறுபடி ஒருதரம் சொல்றேன்," என்று பேராசிரியர் தொடங்குவார். பொறுமைசாலி. இப்படிப்பட்டவரை ஏமாற்றுகிறோமே என்று குத்தும்.

ஒரு வெள்ளிக்கிழமை, "என்னமோ கருகற வாசனை அடிக்குதே டீச்சர், பக்கத்து வீடா?" என்று அவர் நாற்காலியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பூனைக்காரி எல்லாருக்கும் பொதுவாக ஒரு செய்தி போட்டாள்: 'எல்லாரும் அவங்கவங்க வீட்டு அடுப்பை ஒருதரம் பாத்துக்கோங்க. எங்க தெருவுல நேத்து ஒரு விபத்து.' போய்ப் பார்த்தால் பால் பொங்கி வழிந்து பாத்திரம் கறுத்துக் கிடந்தது. எங்கேயோ ஒரு தெருவில் யாருக்கோ நடந்த விபத்து தன் பாத்திரத்தைக் காப்பாற்றியது என்று நினைத்துக்கொண்டார்.

கடைசிப் பருவத்தில் ஆய்வுத் திட்டம். மூன்று பேருக்கு ஒரு குழு. பதினொன்றுக்குப் பூனைக்காரியும் கனைப்புக்காரனும் வாய்த்தார்கள். தலைப்பு, பிழை திருத்தம்: குவாண்டம் கம்ப்யூட்டரில் தகவலைத் தாங்கும் க்யூபிட்டுகளில் வரும் பிழையைத் திருத்துவது.

"க்யூபிட்டுங்கறது தொட்டாச்சிணுங்கி," என்றார் பேராசிரியர். "உள்ள என்ன இருக்குன்னு நேரா கேட்டா கெட்டுப்போயிடும். அதனால அதைக் கேக்கவே கூடாது. சுத்தி இருக்கறதுங்களை மட்டும் விசாரிச்சு, எங்க பிசகுன்னு கண்டுபிடிச்சு, சத்தமில்லாம சரி பண்ணிடணும். அது பாட்டுக்கு அது இருக்கும்."

அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பல்செட்காரருக்கு ஒரு பாடம் புரிந்தது போலிருந்தது. உற்சாகத்தில் ராத்திரிச் சாப்பாட்டை மறந்து, க்யூபிட்டுகளைப் பல்வரிசை மாதிரி வரைந்து அனுப்பினார். நடுப்பல் ஆடினால் இரண்டு பக்கத்துப் பல்லும் தாங்கிப் பிடிக்கிற படம். பத்துக்கு ஐந்து வந்தது. அதற்கு முந்தைய வாரம் தவறிப்போய் ஒரு வாடிக்கைக்காரரின் கடைவாய்ப் படத்தை அனுப்பியிருந்தார். அதற்கும் ஐந்துதான்.

தலைக்கு மேல் வெள்ளம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வகுப்பைப் பார்க்க வரப்போகிறார். "அவர் தலையை எண்ணுவார். பன்னிரண்டு முகமும் தெரிஞ்சாகணும்," என்றார் பேராசிரியர். "யாருக்காவது கஷ்டம்னா… ஏதாவது பண்ணுங்க. தயவுபண்ணி ஏதாவது பண்ணுங்க."

பல்செட்காரருக்கு ஒரே வழிதான் தெரிந்தது. டீச்சரின் தங்கை. அதே நெற்றி, அதே மூக்கு. வாய் மட்டும் அதே இல்லை, மூடாது.

"அத்தான், உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா?" என்றாள் மைத்துனி.

"ஒரே ஒரு நாள். கேமரா முன்னாடி உக்காந்து தலையாட்டணும். அவ்வளவுதான்."

"ஏதாவது கேட்டா?"

"தாடை ஆபரேஷன். நீ பேசவே கூடாது."

"நானா? பேசாமலா? அக்கா பிழைச்சு வந்தாலும் வருவா, அது நடக்காது."

ஆனாலும் வந்தாள். டீச்சரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஏழு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து வைத்து, கேமராவைப் போடாமல் ஒத்திகை பார்த்தார்கள். மேற்பார்வையாளர் இன்னும் வரவில்லை. மற்ற பதினோரு பேரும் என்றைக்கும் இல்லாத அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள்.

"இந்தத் துண்டைத் தாடையைச் சுத்திக் கட்டிக்கோ. ஆபரேஷன்னு நம்புவாங்க."

"இறுக்காதீங்க அத்தான்! யாரு அந்த மூலையில, சட்டைக் காலரு கசங்கிக் கிடக்கே? அவருதான் வாத்தியாரா? சம்சாரம் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்களா?"

திரையில் பேராசிரியரின் கை தானாகக் காலருக்குப் போயிற்று.

"வாயை மூடு. மஞ்சள் கை எங்க இருக்கு பாரு."

"க்வாண்டம்னா என்ன அத்தான்? கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

"எனக்கே ஒரு வருஷமாத் தெரியலை. நீ தலையை மட்டும் ஆட்டு."

கனைப்புக்காரன் பலமாகக் கனைத்தான். "மேற்பார்வையாளர் வந்துட்டார்!" என்று பூனைக்காரி எழுதினாள். பல்செட்காரர் கேமராவைப் போட்டுவிட்டு மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டார்.

திரையின் கட்டத்தில் மைத்துனிக்குத் தன் முகம் தெரிந்தது. அக்காவின் கண்ணாடி. தலையைச் சுற்றித் தாடையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துண்டு. இதே முன்னறையில், இதே மாதிரி கட்டித்தான் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள்.

ஓயாத அந்த வாய் ஓய்ந்துபோயிற்று. மேஜைக்குக் கீழே இருந்த பல்செட்காரர் அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் தெரிந்தது. தன் கையாலேயே இன்னொரு தடவை கட்டியிருக்கிறார்.

"பதினொண்ணு?" என்று கேட்டது ஒரு புதுக் குரல்.

அவள் தலையாட்டினாள். கண்ணிலிருந்து வழிந்து துண்டில் இறங்கியது.

"அடப்பாவமே, ரொம்ப வலிக்குது போல," என்றார் மேற்பார்வையாளர். "மேடம் ஓய்வெடுத்துக்கட்டும். பன்னிரண்டு சரியா இருக்கு."

அவர் எண்ணி முடித்ததும் பூனைக்காரி தன் கட்டத்திலிருந்து எழுந்து போய்விட்டாள். பூனை மட்டும் இருந்தது.

துண்டை அவிழ்த்து மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு மைத்துனி செருப்பைப் போட்டுக்கொண்டாள். "அடுத்த தடவை வேற ஆளைப் பாருங்க அத்தான். இன்னொரு தரம் அக்காவா சாக என்னால ஆகாது."

அடுத்த தடவை சீக்கிரமே வந்தது. ஆய்வுத் திட்டத்துக்கு வாய்மொழித் தேர்வு. கல்லூரிக்கு நேரில் வர வேண்டும், அடையாள அட்டையோடு. அங்கே கேமரா ரிப்பேர் இல்லை. பல்செட்காரர் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருஷம் ஓட்டியாயிற்று. இதற்குமேல் கடிக்கப் பல் இல்லை. இறப்புச் சான்றிதழைப் பைக்குள் வைத்துக்கொண்டு, காலையிலேயே கல்லூரி அலுவலகத்துக்குப் போனார். உண்மையைச் சொல்லிக் காலில் விழுந்தாவது, எழுதி முடித்த பாடங்களுக்கு ஒரு பட்டம் கேட்டுப் பார்ப்பது என்று.

ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மா முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். குரலைக் கேட்டதும் தெரிந்தது, போனில் பேசியவள்.

"குவாண்டம் வகுப்பு. பதினொண்ணாம் நம்பர். அவங்க தேர்வுக்கு வர முடியாது," என்றார்.

"பல்லுதானே?" என்றாள், நிமிராமலே.

"இல்லம்மா. இறந்துட்டாங்க. போன வருஷமே." சான்றிதழை ஜன்னலுக்குள் நீட்டினார். "நான்தான் அவங்க வீட்டுக்காரர். இத்தனை நாளா உங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

அவள் சான்றிதழைத் தொடவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"முதல்ல அதை எடுத்துப் பைக்குள்ள வைங்க சார். இதை நீங்க அனுப்பிடக் கூடாதேன்னு நாங்க வேண்டாத தெய்வம் இல்ல."

"நாங்கன்னா?"

"எல்லாரும்தான். பன்னிரண்டு பேர் இருந்தாத்தான் சார் வகுப்பு. ஒரு தலை குறைஞ்சாலும் மூடிடுவாங்க. சேந்ததே பன்னிரண்டு பேரு. மூடினா பசங்க படிப்பு பாதியில நிக்கும், சாருக்கு வேலை போகும். ஒவ்வொரு செவ்வாயும் உங்க கை எழும்புமா எழும்பாதான்னு பாத்துப் பாத்து அவருக்குப் பாதி உசுரு போச்சு."

பல்செட்காரர் இன்னும் சான்றிதழை நீட்டியபடியே இருந்தார். "அப்போ… அவளுக்குப் பட்டம்?"

"அது எப்படி சார் குடுக்க முடியும்?" என்றாள் அவள், பரிதாபமாகத்தான். "மருத்துவக் காரணம்னு தேர்வைத் தள்ளி வச்சாச்சு. மத்தவங்க அடுத்த வாரம் முடிச்சிடுவாங்க. அதுக்கப்புறம் இதைக் கொண்டாங்க. அன்னைக்கே பேரை எடுத்துடறேன்."

அவருக்கு இது தெரியாத தொழில் இல்லை. ஒரு பல் விழுந்த இடத்தைச் சும்மா விட்டால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடும் என்று, அங்கே தற்காலிகமாக ஒரு பொய்ப்பல்லை வைப்பார்கள். மற்றவை உறுதிப்பட்டதும் கழற்றிக் குப்பையில் போடுவார்கள். அவரே எத்தனையோ செய்து கொடுத்திருக்கிறார். அந்தப் பல்லை யாரும் கேட்டதில்லை. அவரும்தான்.

சான்றிதழைப் பைக்குள் வைத்தார். ஜிப் ஒரே இழுப்பில் வரவில்லை. கோபம் வந்தது. கூடவே ஒரு சந்தேகமும்.

"எல்லாருக்கும் தெரியும்னா எப்படி? நான் யார்கிட்டயும் மூச்சுக்கூட விடலையேம்மா!"

அவள் முத்திரையைக் கீழே வைத்தாள். அப்போதுதான் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மேடம் இறந்த அன்னைக்கு நீங்க மைக்கை ஆன் பண்ணினீங்க சார். இன்னி வரைக்கும் அணைக்கவே இல்ல."